ஆனையிறவு உப்பும் பாலைப்பழக்கொட்டையும்

சிவமயம்

ஜெயபுரம்
11.02.2024

அன்புள்ள தங்கைச்சி கௌசலாவுக்கு,

அம்மன் காவலில் நானும் அத்தானும் குறையில்லாமல் இருக்கிறோம். அத்தானுக்கு முழங்கால் உளைவு மட்டும் மழையோடு வந்து மழையோடு போகிறது. உன் வீட்டுக்காரருக்கு இருமல் விட்டுவிட்டதா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பொங்கலுக்கு எடுத்த படம் வந்து சேர்ந்தது. கண்ணாடி போட்டுச் சாமியறையில் வைத்திருக்கிறேன். யதுர்ஷிகா எட்டு வயதுக்கு நல்ல உயரம். ஆனால் பிள்ளை கொஞ்சம் கறுத்துப் போனாள் போலத் தெரிகிறது. அந்தக் கனடாப் பனிக்குள் இருந்துகொண்டு எப்படிக் கறுத்தாள் என்று அத்தானைக் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை. பயற்றம் மாவைத் தயிரில் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குளிக்க வார். சின்னதிலேயே பார்த்தால்தான் உண்டு.

என் கடிதங்களைப் பிள்ளைக்கு உரத்து வாசித்துக் காட்டுவதாகவும், அதுதான் அவளுக்குத் தமிழ்ப் பாடம் என்றும் எழுதியிருந்தாய். கேட்க எவ்வளவு சந்தோஷம். போனில் என்றால் பாதி நேரம் ‘கேட்குதோ, கேட்குதோ’ என்பதிலேயே போய்விடும். இனிமேல் எழுத்தை இன்னும் தெளிவாக எழுதுகிறேன்.

கோவில் மடத்தில் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவளை ‘ரீச்சர்’ என்று பிள்ளைகள் கூப்பிடும்போது ஒரு கூச்சம். வகுப்பு முடிய அவர்கள் வாசிக்க ஒரு அலுமாரித் தட்டில் புத்தகம் சேர்த்து வருகிறேன். தட்டில் பாதி இன்னும் வெறுமைதான்.

உடனே பதில் போடு.

உன் அக்கா
விமலேஸ்வரி

*

ஸ்காபரோ
02.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பங்குனி தொடக்கத்திலேயே கிடைத்தது. பதில் பிந்திவிட்டது, குறை நினைக்க வேண்டாம். அத்தானின் முழங்காலுக்கு ஒரு எண்ணெய் வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

இதோடு ஒரு பொதி அனுப்புகிறேன். சிறுவர் புத்தகங்கள், படத்துக்கு நிறம் தீட்டும் பஸ்ரல் குச்சிகள் ஒரு பெட்டி, சின்ன முகம் பார்க்கும் கண்ணாடிகள், ரீச்சர்மாருக்கும் தாய் தகப்பனுக்கும் எழுதிய ஒரு சிறு புத்தகம். நிறத்தைப் பார்த்தோ, எங்கிருந்து வந்தவர்கள் என்று பார்த்தோ ஆட்களைக் கீழாக நினைக்கக்கூடாது, பிள்ளைகள் தங்களைத் தாங்களே மதிக்க வேண்டும் என்று இங்கே பள்ளிக்கூடங்களில் இப்போது சொல்லிக் கொடுக்கிறார்கள். அதற்கான சாமான்கள் இவை. பெட்டியில் எல்லாமே மனிதரின் தோல் நிறங்கள்தான். எங்கள் வீட்டில் வைக்க இடமில்லை. உங்கள் தட்டுக்கு உதவும்.

பிள்ளைகள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்
கௌசலா

*

சிவமயம்

ஜெயபுரம்
26.05.2024

அன்புள்ள கௌசலாவுக்கு,

இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, அது ஒன்றைத் தவிர நாங்கள் சுகம். எண்ணெய் நல்ல எண்ணெய். அத்தான் காலுக்குப் பூசி முடித்து வண்டில் அச்சுக்கும் கொஞ்சம் விட்டுப் பார்த்தார். நீ பிள்ளையைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே, ஏன்? சுகம்தானே?

பொதி வந்தது. வந்த சாமான் எல்லாவற்றையும் வழக்கம்போல் வரவு வைத்தேன். ஒரு குறை. பஸ்ரல் பெட்டியில் மற்ற நிறங்களெல்லாம் முனை உடையாமல் புதிதாக இருக்க, ஆக வெளிறிய நிறம் மட்டும் நகத்தளவு கட்டையாக இருக்கிறது. கடைக்காரன் பாவித்த பெட்டியை உன் தலையில் கட்டிவிட்டான். காசு கட்டிய துண்டு இருந்தால் கொண்டுபோய்க் கேள். புத்தகங்களும் புத்தம் புதிது. இவ்வளவு நல்ல சாமானுக்கு ஒரு வீட்டில் இடமில்லாமல் போகுமா?

பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகளுக்கு வந்த சந்தேகத்தைக் கேள். இங்கே கடைப் பெட்டியில் ஒரு இளஞ்சிவப்பு வரும், அதை எல்லோரும் ‘உடம்புக் கலர்’ என்பார்கள். இந்தப் பெட்டியில் உடம்புக் கலர் எது என்று தேடினார்கள். எல்லாமே உடம்புக் கலர்தான் என்றேன். நம்பவில்லை. கண்ணாடிகளைக் கொடுத்தேன். கையைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார்கள்.

ஒவ்வொன்றிலும் இங்கிலீசில் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது. அகராதியில் பார்த்தேன். எல்லாம் இங்கே ஒருவரும் கண்டிராத பழமும் கொட்டையும். அப்படியென்றால் நாங்களே பெயர் வைப்போம் என்று பிள்ளைகள் தொடங்கிவிட்டார்கள். ஒடியல், தவிடு, பனங்கட்டி, குரக்கன்மா, புளியங்கொட்டை, கருங்காலி. அந்தக் கட்டையான வெளிறல் நிறத்துக்கு ஆனையிறவு உப்பு என்று பெயர். இது இவ்வளவுதான் இருக்கிறது என்று நான் கவலைப்பட, சிவகரன் என்ற பொடியன், “கறிக்கு உப்புக் கொஞ்சம் எண்டாலும் போதும்தானே ரீச்சர்” என்றான். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது.

அங்கே யதுர்ஷிகாவின் வகுப்பிலும் இப்படிப் பெயர் வைப்பார்களா? அவள் எந்த நிறத்தை எடுப்பாள்?

அக்கா
விமலேஸ்வரி

*

ஸ்காபரோ
30.06.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பெயர்களை வாசித்துக் குசினிக்குள் தனியே நின்று சிரித்தேன். குரக்கன்மா யாருடைய நிறம்? கருங்காலியை எடுக்க யாராவது பின்னுக்கு நின்றார்களா? கண்ணாடியில் பார்த்துப் படம் கீறச் சொன்னீர்களா? ஒன்றும் விடாமல் எழுதுங்கள். எனக்கு உண்மையாகவே அறிய வேண்டும்.

இங்கே கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. வேலை அதிகம். எல்லோரும் இருக்கிறோம்.

கௌசலா

*

சிவமயம்

ஜெயபுரம்
28.07.2024

அன்புள்ள கௌசலாவுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதக் கை வருகிறது, மனம் வரவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் ரஜிதா என்று ஒரு பிள்ளை. ஐந்தாம் வகுப்பு. பாட்டுப் படித்தால் மடத்துக்கு வெளியே நிற்பவர்களும் செருப்பைக் கழற்றுவார்கள். உனக்குத் தெரியும்தானே, இங்கே பாதிக் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு ஓடி வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். ரஜிதாவும் அந்தச் சனத்தில் ஒருத்தி. அவளும் அவளுடைய தாய் செல்வமலரும் பிறந்தது இங்கேதான். ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அவர்கள் இன்னும் ‘தோட்டக்காட்டார்’தான். நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. யாராவது சொன்னால் கேட்காதது போல் இருந்திருக்கிறேன்.

படம் கீறும் நாளில், பெயர் வைக்காமல் மிஞ்சியிருந்த ஒரு மண்ணிறத்தை ரஜிதா எடுத்தாள். கையோடு வைத்துப் பார்த்து, “இது பிளேன்ரி, பால் விடாத தேத்தண்ணி” என்றாள். நல்ல பெயர் என்று நான் சொல்ல முந்திச் சிவகரன், “தோட்டக்காட்டுத் தேத்தண்ணியெண்டா வேற என்ன நிறம் வரும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் உடனே, “சும்மா இருங்கோ, எல்லாரும் ஒண்டுதான், கீறுங்கோ” என்று சத்தம் போட்டு முடித்துவிட்டேன். ரஜிதா அந்தப் பஸ்ரலைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டு, ஆனையிறவு உப்பை எடுத்து முகம் கீறினாள். அடுத்த கிழமையிலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

நீ அனுப்பிய ரீச்சர்மாரின் புத்தகத்தை அகராதியோடு வாசிக்கிறேன். மாட்டுக்குத் தண்ணீர் வைத்த பிறகு ஒரு பக்கம், முடிந்தால் இன்னொரு பக்கம். பிள்ளை காயப்பட்டால் ‘எல்லோரும் ஒன்று’ என்று சொல்லிப் பேச்சை மூடிவிடாதே, அந்தப் பிள்ளையிடம் போய்க் கேள் என்று எழுதியிருக்கிறது. நான் மூடத்தான் செய்தேன்.

ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்தில் அந்தப் பக்கத்துக்குக் கீழே யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள். நீயா?

அக்கா
விமலேஸ்வரி

*

ஸ்காபரோ
21.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வைத்தும் வாசித்தேன், வரும்போதும் வாசித்தேன். ரஜிதா வந்தாளா? வராவிட்டால் தயவுசெய்து அவள் வீட்டுக்குப் போங்கள். நாளைக்கு, நாளைக்கு என்று விட வேண்டாம். அவள் உப்பு நிறத்தில் கீறிய அந்தப் படத்தை என்ன செய்தீர்கள்? எறிந்துவிடாதீர்கள், ஒளிக்கவும் வேண்டாம்.

வேறு புதினம் இல்லை.

கௌசலா

*

சிவமயம்

ஜெயபுரம்
22.09.2024

அன்புள்ள கௌசலாவுக்கு,

இந்த முறை நலம் என்று மனதோடு எழுதுகிறேன். பிள்ளை வந்துவிட்டாள். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை.

உன் கடிதம் கிடைத்த அன்று பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். செல்வமலர் கதிரை போட்டுப் பிளேன்ரி தந்தாள். பிள்ளைக்கு வயிற்றுக் குத்து, அதுதான் வரவில்லை என்றாள். இரண்டு மாதமாக ஒரு வயிற்றுக் குத்தா என்று நான் கேட்கவில்லை. ரஜிதா கதவுக்குப் பின்னால் நின்றாள். பாதம் தெரிந்தது. நான் கதவைப் பார்த்துக் கேட்டேன்: “அண்டைக்கு நான் என்ன சொல்லியிருக்க வேணும் ரஜிதா? எனக்குத் தெரியேல்லை, அதுதான் உன்னைக் கேக்க வந்தனான்.”

பிறகு கதவு கதைத்தது. “எல்லாரும் ஒண்டு எண்டு சொன்னனீங்கள் ரீச்சர். அப்ப ஏன் வாணி விழாவுக்கு ஒவ்வொரு வருசமும் வெள்ளைப் பிள்ளையாப் பாத்துச் சரஸ்வதியா இருத்துறியள்?”

கௌசலா, நான் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் வெள்ளைச் சேலை மடிப்பை நான்தான் குத்திவிடுகிறேன். பிள்ளையின் முகத்துக்கு ஒருமுறைக்கு இரண்டுமுறை பவுடர் போடுவதும் நான்தான். சரஸ்வதியின் பாட்டு முழுவதும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே பிள்ளை ரஜிதா. அவளைத் திரைக்குப் பின்னால் நிற்க வைத்துப் பாட விட்டு, மேடையில் வாய் அசைக்க வேறொரு பிள்ளையை இருத்தியிருக்கிறோம்.

இந்த வருடம் நீதான் இருக்கிறாய் என்று கதவுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறு மடத்து வாசலில் வந்து நின்றாள். அவள் கீறிய படத்தைத் திரும்பக் கொடுத்தேன். பார்த்துவிட்டுக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு கோவில் தலைவர் தில்லைநாதன் அண்ணையிடம் போனேன். நல்ல மனிதர், ஆனால் எதையும் இருந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுபவர். சரஸ்வதி வெள்ளைக் கலை உடுத்தி வெள்ளைத் தாமரையில் இருப்பவள், கலண்டரிலும் அப்படித்தானே என்றார். சனம் கதைக்கும் என்றார். எந்தச் சனம், என்ன கதைக்கும் என்று நான் கேட்டேன். கடைசியில், “சரி, அந்தப் பிள்ளையே இருக்கட்டும். நல்லாப் பவுடரைப் போட்டு விடும்” என்றார்.

நான் எழும்பி வாசல் மட்டும் வந்துவிட்டேன். தலையைத் திருப்ப, மூலஸ்தானத்தில் விளக்கு எரிகிறது. கறுப்பாக, எண்ணெய் மினுக்கத்தோடு, அம்மன். திரும்பிப் போய்ச் சொன்னேன்: “அண்ணை, உள்ளுக்கு இருக்கிறவவும் கருங்கல்தானே. அவவுக்கு நாங்கள் ஒருநாளும் பவுடர் பூசேல்லையே.”

தில்லைநாதன் அண்ணை என்னைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார். “அப்ப பிள்ளைக்கும் எண்ணெய் காப்பு வைப்பம் எண்டுறீரோ” என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துவிட்டார். “செய்யும், செய்யும். ஆரும் கேட்டா நான் அண்டைக்கு வவுனியாவுக்குப் போட்டன் எண்டு சொல்லும்.”

வாணி விழா வரும் மாதம் பன்னிரண்டாம் திகதி. பவுடர் இல்லாமல், தன் முகத்தோடு அந்தப் பிள்ளை மேடையில் இருக்க வேண்டும். அதுதான் என் நேர்த்தி. நீயும் அங்கே ஒரு விளக்கு வை.

யதுர்ஷிகா எப்படி இருக்கிறாள்? திரும்பவும் கேட்கிறேன்.

அக்கா
விமலேஸ்வரி

*

சிவமயம்

ஜெயபுரம்
14.10.2024

அன்புள்ள கௌசலாவுக்கு,

உன் பதில் வர முந்தி எழுதுகிறேன். பொறுக்க முடியவில்லை. வாணி விழா நடந்த விதத்தைக் கேள். அதற்கு முதல், உங்கள் எல்லோருக்கும் அம்மனின் குங்குமம் இந்த உறைக்குள் இருக்கிறது, கவனமாகத் திற.

சரஸ்வதியை நான் மடத்திலேயே உடுத்துவதாக இருந்தது. ஆனால் குசினியில் கடலை அவியவில்லை என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் அடுப்போடு நிற்கும்போது செல்வமலர் பிள்ளையை வீட்டிலேயே உடுத்திக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்க்கிறேன், வெள்ளைச் சேலை, முடி, வீணை எல்லாம் சரி. முகம் சுண்ணாம்பு. கழுத்தில் ஒரு கோடு, அதற்குக் கீழே என் ரஜிதா.

நான் ஊரோடு சண்டை பிடித்துத் தடுத்த பவுடரைத் தாயே பூசிவிட்டாள். நல்ல விலையான பவுடர், கிளிநொச்சிக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கியிருக்கிறாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை, அவ்வளவு பயம். அவளை நான் என்ன சொல்லிக் கண்டிப்பது?

ரஜிதாதான் அலுமாரித் தட்டிலிருந்து நீ அனுப்பிய கண்ணாடி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அந்தப் பிள்ளை வகுப்பில் எங்களைப் போலக் கதைக்கும், தாயோடு அவர்கள் பேச்சு. “அம்மா, இப்புடி இருந்தா இது நான்னு யாருக்குத் தெரியும்?” என்று கேட்டாள். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போல.

செல்வமலர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்: “எல்லாரும் பாக்குற எடம் டீச்சர். இன்னைக்கு ஒரு நாளாவது எம் புள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாதுன்னுதான்.”

வெளியே மேளம் தொடங்கிவிட்டது. தில்லைநாதன் அண்ணை, வவுனியாவுக்குப் போகாமல், திரையைத் திறக்கட்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். நான் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து செல்வமலருக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அவள் அந்தச் செம்பைக் கிட்ட இழுத்தாள். பிறகு தன் சேலைத் தலைப்பை நனைத்து, நெற்றியிலிருந்து தொடங்கி, மெல்ல மெல்லத் துடைத்தாள். நாடியைத் துடைக்கும்போது தாய்க்குக் கண்ணீர், மகளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு.

திரை திறந்தது. ஈர முகம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. யாரோ பின்னால் குசுகுசுத்தார்கள், நான் கேட்டேன், மறைக்க மாட்டேன். பிறகு அவள் பாடத் தொடங்கினாள். இந்த முறை வாயும் குரலும் ஒரே பிள்ளையுடையவை. குசுகுசுப்பு எந்த அடியில் நின்றது என்று தெரியாது, நின்றுவிட்டது.

முடிந்ததும் சிவகரன் கடதாசியில் சுற்றிய கடலைச் சரையைக் கொண்டுபோய் அவளுக்குக் கொடுத்து, “சரஸ்வதிக்கு உறைப்புக் கூடவோ தெரியாது” என்றான். மன்னிப்புக் கேட்டானா என்று நீ கேட்பாய். அது அவன் கேட்ட மன்னிப்பு என்றுதான் நினைக்கிறேன். ரஜிதா சரையை வாங்கிக்கொண்டு, “பிளேன்ரியோட சாப்பிட்டாச் சரி” என்றாள். அவன் காது சிவந்துபோனது.

கௌசலா, அன்று முதல் எனக்கு ஒரு யோசனை. ரஜிதா அந்த உப்பு நிறத்தை எடுத்துக் கீறியதை என் கண்ணால் பார்த்தேன். பெட்டி எங்களிடம் வரும்போதே அது கட்டையாகத்தான் இருந்தது. நான் கடைக்காரனைத் திட்டினேன். கடைக்காரன் படம் கீற மாட்டானே.

நான் இனி ஒன்றும் கேட்கவில்லை. சொல்ல இருந்தால் சொல்லு.

அக்கா
விமலேஸ்வரி

*

ஸ்காபரோ
17.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

குங்குமம் சிந்தாமல் வந்தது. யதுர்ஷிகா நெற்றியில் வைத்துவிட்டேன்.

செல்வமலரின் இடத்தில் நின்று எழுதுகிறேன். பங்குனி நடுவில் ஒருநாள் யதுர்ஷிகாவின் ரீச்சர் கூப்பிட்டார். ‘என் குடும்பம்’ என்று கீறச் சொன்னதற்கு எங்கள் இருவரையும் மண்ணிறத்தில் கீறிவிட்டு, தன்னை மட்டும் அந்த வெளிறல் நிறத்தில் கீறியிருக்கிறாள். ஏன் என்று கேட்க, எனக்கு மா பூசினால் இப்படி வந்துவிடும் என்றாளாம். புத்தகங்களும் பஸ்ரல் பெட்டியும் அந்த ரீச்சர் தந்தவை, பென்சில் கோடு நான் போட்டது. பெட்டியைக் கொண்டுவந்த நாளிலிருந்து அந்த ஒரு நிறம்தான். பக்கம் பக்கமாக. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் எல்லாவற்றையும் அள்ளிப் பொதியாகக் கட்டி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் இடமில்லை என்று எழுதினேன். பெட்டி போனது, அவள் கீறுவதையே விட்டுவிட்டாள்.

வெள்ளைப் பிள்ளைகள் யாரோ கேலி செய்ததாக நீங்கள் நினைப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், போய்ச் சண்டை பிடிக்க ஆயத்தமாக இருந்தேன்.

அக்கா, உங்கள் கடிதங்களை நான் அவளுக்கு உரத்து வாசிப்பேன். பொங்கல் படத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தையும் வாசித்தேன். வாய் வாசித்துக்கொண்டு போய்விட்டது, நிறுத்த முந்தி வசனம் முடிந்துவிட்டது. கறுத்துப் போறது எண்டா என்ன அம்மா என்று கேட்டாள். நான் அடுத்த பக்கத்துக்குப் போனேன். நீங்கள் சொன்ன பயற்றம் மாவை இரண்டு நாள் பூசியும் குளிக்க வார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு உங்கள் கடிதம் எதையும் அவளுக்கு வாசிக்கவில்லை. வாணி விழாக் கடிதத்தை மட்டும் நேற்று வாசித்தேன். செம்பை வைத்த இடத்தில் என்னை நிறுத்தி, திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

கௌசலா

*

சிவமயம்

ஜெயபுரம்
15.12.2024

அன்புள்ள கௌசலாவுக்கு,

கடிதத்தை மடத்துப் படியில் இருந்து வாசித்தேன். அன்று வகுப்பு எடுக்கவில்லை, பிள்ளைகளை வாசிக்க விட்டுவிட்டேன்.

அந்த வரி எனக்கு நினைவிருக்கிறது. சுகம் கேட்பது போலத்தான் எழுதினேன். சாப்பிட்டாயா, மெலிந்துவிட்டாயா, கறுத்துவிட்டாயா. எங்கள் அம்மாவும் அப்படித்தான் கேட்பா, நானும் அப்படித்தான் கேட்கிறேன். அக்கறை என்று நினைத்தேன். செல்வமலரும் அக்கறை என்றுதான் பஸ் ஏறிப் போய்ப் பவுடர் வாங்கினாள்.

உனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. மீதிக் கடிதம் பிள்ளைக்கு. நிறுத்தாமல் வாசி.

அன்பான யதுர்ஷிகாவுக்கு,

நான் உன் பெரியம்மா. உன் பொங்கல் படத்தைப் பார்த்து நீ கறுத்துவிட்டாய் என்று எழுதினேன். மா பூசச் சொன்னேன். அது பிழை. நீ அம்மாவிடம், கறுத்துப் போறது எண்டா என்ன என்று கேட்டாயாம். நல்ல கேள்வி. எனக்கு வயது ஐம்பத்திரண்டு, இதுவரை நான் அதைக் கேட்கவில்லை. இனிமேல் ஒருவரிடமும் அப்படிச் சுகம் விசாரிக்க மாட்டேன்.

உன் படத்தைச் சாமியறையிலிருந்து எடுத்து மடத்துக்குக் கொண்டுபோனேன். உன் பெட்டி இப்போது இங்கேதான் இருக்கிறது. இந்தப் பிள்ளையின் நிறம் எது என்று எல்லோரிடமும் கேட்டேன். பெரிய வாக்குவாதம். புளியங்கொட்டை என்றார்கள் சிலர். ரஜிதா படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இல்லை, இதில் ஒரு சிவப்பு இருக்கிறது, இது பாலைப்பழக்கொட்டை என்றாள். பாலை எங்கள் காட்டு மரம். பழம் மஞ்சள், தின்றால் வாய் ஒட்டும். உள்ளே ஒரு கொட்டை, சிவப்புக் கலந்த மண்ணிறம், கண்ணாடி போல மினுங்கும். சிவகரன் விளையாட எடுத்து வைத்திருந்த கொட்டையைக் கொண்டுவந்து, தன் சேட்டுத் துணியில் தேய்த்து, படத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஒருவரும் அதற்குப் பிறகு வாக்குவாதப்படவில்லை.

பெட்டியில் அந்த நிறத்துக்கு அதுவரை பெயர் இல்லை. இப்போது அதுதான் பெயர். அம்மாவிடம் சொல்லிப் புதுப் பெட்டி ஒன்று வாங்கி, அது எது என்று பார்த்துச் சொல்லு. எங்களுக்கும் சரிதானா என்று தெரிய வேண்டும். நாங்கள் உன்னைப் படத்தில்தானே பார்த்தோம், நீ கண்ணாடியில் பார்க்கலாம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
பெரியம்மா விமலேஸ்வரி

*

ஸ்காபரோ
23.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானின் முழங்காலும் நீங்களும் சுகமா? என் வீட்டுக்காரரின் இருமல் போன வருடமே விட்டுவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன். யதுர்ஷிகா சுகம். இந்த வசனத்தை எழுதி ஒரு வருடம் ஆகிறது.

இந்தப் பொங்கலுக்கு எடுத்த படம் உள்ளே இருக்கிறது. நீங்கள் என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பாலைப்பழம் கனடாவில் ஏன் இல்லை, வாய் ஒட்டினால் எப்படிக் கதைப்பார்கள், சரஸ்வதி பிளேன்ரி குடிப்பாவா என்பவையும் அவளுடைய கேள்விகள். தனித்தனியாகப் பதில் போடுங்கள்.

புதுப் பெட்டி வாங்கினோம். கண்ணாடியையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு அரைநாள் இருந்தாள். ரஜிதா சொன்னது சரிதானாம், சொல்லச் சொன்னாள். பிறகு கீறத் தொடங்கினாள். தன்னை, என்னை, சைக்கிளில் போகிற உங்களை, வீணையோடு ஒரு பிள்ளையை.

இன்று காலை மேசையைத் துடைக்கும்போது பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆனையிறவு உப்பு முனை உடையாமல் இருக்கிறது. பாலைப்பழக்கொட்டைதான் நகத்தளவு கட்டையாகிவிட்டது.

கடைக்காரன் ஏமாற்றவில்லை அக்கா.

அன்புடன்
கௌசலா